கண் சிமிட்டாத செவ்ரோலே

என் அக்கா புருஷன் அர்செனியோ பார்சாகா கெட்டிக்காரர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் சிலரை வியாதி மாதிரி பிடித்துக்கொள்ளும், அப்படிப் பிடித்த மனுஷர் அவர். முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் சர்க்கரை ஆலையில் மின் வேலை பார்த்தார். ஆலையை மூடுகிறோம் என்று சொன்ன அன்று மற்றவர்கள் எல்லாம் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்க, இவர் உள்ளே உட்கார்ந்து எரிந்துபோன ஒரு மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஓடாத ஆலைக்கு மோட்டார் எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன்.

"ஆலை ஓடலன்னா அது ஆலையோட தப்பு மாப்ள. மோட்டார் ஓடலன்னா அது என் தப்பு" என்றார்.

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேச முடியும்? நான் ரொட்டி சுடுகிறவன். மாவு, தண்ணீர், உப்பு, நெருப்பு, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாவு இல்லாத நாளில் அதுவும் இல்லை.

அவருடைய அப்பா விட்டுப்போன சொத்து ஒரு பச்சை நிற செவ்ரோலே கார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்து வண்டி. கியூபாவின் கிழக்குக் கரையில் இப்படி ஆயிரம் வண்டி ஓடுகிறது. ஆனால் அவற்றில் பாதிக்கு உள்ளே ரஷ்ய எஞ்சின், வெளியே ஒட்டுப்போட்ட தகரம். அர்செனியோவின் வண்டியில் எஞ்சின் பழசு, ஆறு வோல்ட் பேட்டரி பழசு, மட்கார்டில் ஒரு கீறல் கிடையாது. பிறந்தபோது எப்படியோ அப்படியே இருந்தது. அதனால் இண்டிகேட்டரும் கிடையாது. அது பிறந்த காலத்தில் அதெல்லாம் வேண்டுமென்று கேட்டால்தான் போட்டுக் கொடுப்பார்களாம். அவருடைய அப்பா கேட்கவில்லை.

அதனால் என்ன? இடது பக்கம் திரும்ப வேண்டுமானால், இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற அர்செனியோ ஜன்னல் வழியே கையை நீட்டுவார். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா நெரெய்தா நீட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வண்டியின் வலது இண்டிகேட்டர் என் அக்காவின் கைதான். சண்டை போட்டுக்கொண்டு போகும் நாட்களில்கூட, திட்டுவதை நிறுத்தாமலே கையை நீட்டிவிடுவாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் நகரத்துக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். முப்பத்து நான்கு கிலோமீட்டர். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போக அரசாங்கத்தின் ரஷ்ய லாடா கார் ஒன்று இருந்தது. மார்ச் மாதம் அதன் கியர் பெட்டி உடைந்தது. மாற்று கிடைக்கும்வரை நிற்கட்டும் என்று டிரைவர் வில்ஃப்ரேதோ, நகரத்தில் தன் வீட்டு முற்றத்திலேயே அதை நிறுத்தி வைத்திருந்தான். மார்ச் போய் செப்டம்பர் வந்துவிட்டது. ஆக, செவ்ரோலே ஓடினால் அக்கா இருப்பாள். செவ்ரோலே நின்றால் இருக்க மாட்டாள். ஜூலையில் ஒரே ஒரு சனிக்கிழமை, பெட்ரோல் கிடைக்காததால் அவள் போகவில்லை. திங்கட்கிழமை நுரையீரலில் நீர் கோத்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். எப்படியோ பிழைத்தாள். அதை நான் பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

இடது கையில் ரத்தக்குழாய் ஒத்துவராததால், ஊசி போடுவதற்கென்று அவளுடைய வலது கையில்தான் அறுவை செய்து குழாயை இணைத்திருந்தார்கள். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி உள்ளே அதிரும். அந்தக் கையைத்தான் ஒரு நாள் அவள் பழக்கத்தில் வெளியே நீட்ட, ஒரு சைக்கிள்காரனின் ஹேண்டில்பார் உரசிவிட்டுப் போனது. நர்ஸ் போட்ட சத்தத்தில் அர்செனியோ வெலவெலத்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா கையை நீட்டக் கூடாது என்று சட்டம்.

வலது பக்கம் திரும்புவதற்கு ஓட்டுகிறவரே இடது கையை மடக்கி மேலே காட்டலாம். அதை அறிந்த தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது இருக்கிறவர்கள், பெரியவர் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அவர்களும் கையை ஆட்டிவிட்டு நேராக வந்து மோதப் பார்க்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, முச்சந்தியில் நின்ற இளம் போலீஸ்காரனும் முதலில் கையை ஆட்டினான். பிறகுதான் விசிலை ஊதினான்.

"பெரியவரே, எந்தப் பக்கம் போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கையைக் காட்டினேனே தம்பி."

"எனக்கு ஹலோ சொல்றீங்கன்னு நெனச்சேன். இண்டிகேட்டர் எங்க?"

வண்டியின் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நகரத்து வாகனச் சோதனைக் கூடத்தில் இண்டிகேட்டரோடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம்பர் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அதுவரை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

புதன்கிழமை காலையில் நான் போனபோது அர்செனியோ டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். பக்கத்து வீட்டு லாடா காரிலிருந்து கழற்றிய இண்டிகேட்டர் லிவர் ஒன்று ஸ்டியரிங்கில் ஏறியிருந்தது. செத்துப்போன ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளிலிருந்து, விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஆறு வோல்ட் ரிலேவும் நாலு பல்பும் கிடைத்திருந்தன. இரண்டு பல்பு முன்பக்கம் போயிற்று, இரண்டு அவர் சட்டைப்பையில் கிடந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. கரி அடுப்பில் பற்றவைப்புக் கோலைப் பழுக்கவைத்து ஒயர்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறுமனே தரையில் இருந்தன.

பின்பக்கம்தான் சிக்கல். அந்த வண்டிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே விளக்கு. பிரேக் பிடித்தால் இரண்டும் சேர்ந்து எரியும். லாடாவில் திரும்புவதற்குத் தனி விளக்கு உண்டு, அதனால் லாடா லிவருக்குத் தனி விளக்குதான் தெரியும். இந்த வண்டியில் ஒரே விளக்கு இரண்டு வேலையையும் பார்க்க வேண்டும்.

"தனியா ரெண்டு விளக்கு பின்னால வெச்சிட்டாப் போச்சு. நான் எங்கயாவது தேடிக் கொண்டாரேன்" என்றேன்.

அவர் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கிறது?"

"மட்கார்டுல ஓட்டை போட்டு."

"எழுபத்து மூணு வருஷமா ஒரு ஆணி எறங்காத மட்கார்டு மாப்ள இது. எங்கப்பா மழையில தான் நனைஞ்சுக்கிட்டு இதுக்குச் சாக்கு போத்துவாரு. இதுல ஓட்டையா? போய் உன் ரொட்டியில ஓட்டை போடு."

"ரொட்டிய விடுங்க. அக்காவுக்கு வண்டி வேணும், அழகு வேணாம்."

"ரெண்டும் குடுக்கறேன் பாரு."

இதுதான் அந்த வியாதி. லாடா ஆல்டர்னேட்டரிலிருந்து நாலு டயோடு கழற்றி வந்திருந்தார். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் சாமான் அது, ஒருவழிப் பாதை மாதிரி. அதை இடையில் வைத்தால், இடது விளக்குக்குப் போகும் மின்சாரம் பிரேக் ஒயர் வழியாக வலது விளக்குக்கு ஓடிப்போகாது என்று எனக்கு விளக்கினார். ஆலையில் பார்த்த பளபளப்பு கண்ணில் வந்திருந்தது. மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. நான் பின்னால் நின்று பார்த்துச் சொன்னேன். இடது, சிமிட்டியது. வலது, சிமிட்டியது. பிரேக், இரண்டும் ஜோராக எரிந்தன. அக்காவே கைதட்டினாள். நான் தோற்றுப்போன கோபத்தில் அவர் ஊற்றிக் கொடுத்த ரம்மை ஒரே வாயில் குடித்தேன்.

வியாழக்கிழமை அக்காவை மெஷினுக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த ஒரு கரும்பு லாரி இடிக்காத குறையாக ஒதுங்கிப் போனதாம். "குருட்டுப் பய, இண்டிகேட்டர் போட்டது தெரியல" என்று சாயங்காலம் திட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். அக்காவை வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. "நான் இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வழியிலயே அடிச்சிக்குவீங்க" என்றாள். சோதனைக் கூடத்து வாசலில் பன்னிரண்டு வண்டி நின்றது. "யாரு கடைசி?" என்று கேட்டு, கையைத் தூக்கிய நீல லாரிக்காரனுக்கு அடுத்தவர்கள் நாங்கள் என்று ஆனோம். எங்கள் முறை வரும்போது மணி பதினொன்றரை.

சோதிக்கிறவள் ஒதாலிஸ் என்று ஒரு பெண்மணி. கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். வண்டியைச் சுற்றி வந்தபோதே அவளுக்குப் பிடித்துவிட்டது, மட்கார்டைத் தடவிக்கூடக் கொடுத்தாள். அர்செனியோ அரை அடி உயர்ந்துவிட்டார்.

"இடது போடுங்க. சரி. வலது. சரி. பிரேக். சரி. பிரேக்கை விடாமயே இடது போடுங்க."

இரண்டு விளக்கும் எரிந்தபடியே நின்றன. இடது விளக்கு கண் சிமிட்டவே இல்லை.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"வலது போடுங்க."

அதுவும் அப்படியே நின்றது. அவள் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"பெரியவரே, பிரேக் போடாம யாராவது திரும்புவாங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். அர்செனியோ லிவரை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். டயோடு மின்சாரத்தைத் திரும்பிப் போக விடாது, சரி. ஆனால் பிரேக்கிலிருந்து வருகிற மின்சாரம் விளக்கை எரித்துக்கொண்டே இருக்கும்போது, அதே விளக்கு எப்படி அணைந்து அணைந்து எரியும்? ரொட்டிக்காரன் எனக்கே அப்போது புரிந்துவிட்டது. கரும்பு லாரிக்காரன் குருடன் இல்லை என்பதும் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் ஆலையைத் தூக்கி நிறுத்தியவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

"நாலு மணி வரைக்கும் இருப்பேன். சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லன்னா பலகையக் கழட்டித்தான் ஆகணும், எனக்கு வேற வழி இல்ல. அடுத்த சோதனை திங்கட்கிழமைதான்" என்றாள் ஒதாலிஸ்.

திங்கட்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை இருக்கிறது.

வண்டியைத் தள்ளி ஒரு மரத்தடியில் விட்டோம். அர்செனியோ சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் வரைய ஆரம்பித்தார். ஆறு வோல்ட்டில் இன்னும் இரண்டு ரிலே கிடைத்தால் பிரேக் ஒயரை அதன் வழியாக விட்டு, திரும்பும்போது மட்டும் வெட்டி, என்று முணுமுணுத்துக்கொண்டே வரைந்தார், அழித்தார், வரைந்தார். இரண்டு ரிலேவுக்கு எங்கே போவது? அந்த ஒன்றுக்கே ஒரு ஜாவா சாக வேண்டியிருந்தது. மணி பன்னிரண்டேகால். எனக்குப் பொறுமை போய்விட்டது. சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"உங்க மட்கார்டுல ஓட்டை விழக் கூடாது. அதுக்காக என் அக்கா செத்தாலும் பரவால்ல. அப்படித்தான?"

சுண்ணாம்புக் கட்டி அவர் கையிலிருந்து விழுந்தது. டயருக்குப் பக்கத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவைப் புதைத்த அன்றும் பார்த்ததில்லை. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, அறுபத்தாறு வயது மனுஷர் தெருவில் உட்கார்ந்து அழுதார். நான் சொன்னதை விழுங்கிவிட முடியாதா என்று தவித்தேன்.

வண்டிக்குள்ளிருந்து அக்கா பேசினாள்.

"விடு அர்செனியோ. ஒரு சனிக்கிழமைதான? போகலன்னா ஒண்ணும் ஆயிடாது. வா, வீட்டுக்குப் போலாம்."

என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வில்ஃப்ரேதோ வீடு எங்க இருக்குன்னு தெரியுமா மாப்ள?" என்றார். நான் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் இருந்த டிராக்டர்காரனிடம், உனக்கு அடுத்து பச்சை செவ்ரோலே, போய்விட்டு வருகிறோம் என்று சொல்லி இடம் போட்டுவிட்டு வந்தேன்.

வில்ஃப்ரேதோ வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் அந்த அரசாங்க லாடா நின்றது, கூரை மேல் கோழி. அர்செனியோ விஷயத்தைச் சொன்னார். வில்ஃப்ரேதோ அக்காவைப் பார்த்தான். ஒன்றரை வருஷம் வாரம் மூன்று நாள் ஏற்றிக்கொண்டு போனவன். வாணலியை இறக்கி வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்து வந்தான்.

"கணக்குப்படி அக்காவைக் கூட்டிட்டுப் போக வேண்டியது இந்த வண்டி. அது வரல. விளக்காவது வரட்டும்" என்றான்.

பின்பக்கத்து ஆரஞ்சு விளக்குகள் இரண்டும் கழன்று வந்தன. வில்ஃப்ரேதோவிடம் கையால் சுற்றும் துளைப்பான் ஒன்று இருந்தது. அதை நான் வாங்கப் போனேன். அர்செனியோ கொடுக்கவில்லை. மட்கார்டில் பென்சிலால் புள்ளி வைத்தார். பிறகு நெஞ்சால் துளைப்பானை அழுத்திக்கொண்டு சுற்றினார். பச்சைப் பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது, அதற்குக் கீழே பளீரென்று தகரம் தெரிந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பல்லைக் கூசச் செய்தது. ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் இரண்டு.

டயோடுகளைப் பிடுங்கி எறிந்தார். பிரேக் ஒயர் பழையபடி பழைய விளக்குக்கே போயிற்று, லிவரிலிருந்து வந்த ஒயர் புது விளக்குக்குப் போயிற்று. டிக்கிக்குள் அவர் கை இருந்ததால், அக்காவை ஓட்டுகிறவர் இடத்துக்கு நகர்ந்து உட்காரச் சொன்னார்.

"பிரேக்க மிதி. அப்படியே இடது போடு."

"மிதிச்சிட்டேன்."

"மாப்ள, தெரியுதா?"

"ஏதோ தெரியுது. சிகரெட் நுனி மாதிரி இருக்கு" என்றேன். லாடாவின் பன்னிரண்டு வோல்ட் பல்பு ஆறு வோல்ட்டில் அவ்வளவுதான் எரியும். வெயிலில் நின்று பார்த்தால் எரிகிறதா என்றே தெரியவில்லை. அர்செனியோ சட்டைப்பையிலிருந்து ஜாவா பல்பு இரண்டையும் எடுத்தார். அவசரத்தில் ஒன்று புல்லில் விழுந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் மண்டியிட்டுத் தேடினோம். உடையாமல் கிடைத்தது.

"மிதி. இடது போடு."

அக்கா வீங்கிய வெறுங்காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு இரண்டும் நின்று எரிந்தன. இடது ஆரஞ்சு விளக்கு அதற்குப் பக்கத்தில் சிமிட்டு சிமிட்டு என்று சிமிட்டியது. வில்ஃப்ரேதோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னான்.

கூடத்துக்குத் திரும்பும்போது மணி மூன்று முப்பத்தைந்து. டிராக்டர்காரன் இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தான், பின்னால் வந்த ஜீப்காரன் போட்ட சண்டையையும் அவனே சமாளித்திருந்தான். ஒதாலிஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். பிரேக்கோடு இடது, பிரேக்கோடு வலது. பிறகு மட்கார்டைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"ஐயோ, ஓட்டை போட்டுட்டீங்களே. இதை முதல்லயே செஞ்சிருந்தா அலைச்சல் இல்லையே?"

"அவரு கெட்டிக்காரரு. அதான் லேட்டு" என்றேன்.

அர்செனியோ சிரிக்கவில்லை. வண்டி தேறியதற்கான ஒட்டுத்தாளை வாங்கி, முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு ஓரத்தில் ஒட்டி, கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன், பின்னால் வந்தவர்கள் எல்லாம் மரியாதையாக ஒதுங்கினார்கள். அக்காவை மெஷினில் போட்டார்கள். நாலு மணி நேரம். நடுவில் ஒரு தடவை உள்ளே விட்டார்கள். அவள் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேய் தம்பி, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நேத்து அந்தம்மா ஆகாதுன்னு சொன்னாள்ல? அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடா."

எனக்குப் புரியவில்லை.

"முடிஞ்சிதுன்னு நெனச்சேன். வண்டி இல்ல, அதனால போக முடியல. யார் மேலயும் பழி இல்ல. நானா வேணாம்னு சொன்னா அந்த ஆளு தாங்க மாட்டான். இப்படின்னா தாங்கிக்குவான்னு நெனச்சேன். எனக்கு ரொம்ப நாளாவே முடியலடா. இந்த ஊசி, இந்த நாத்தம், வாரத்துல மூணு நாள். ரொம்பக் களைப்பா இருக்கு."

நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? கோபப்படக்கூடத் தெரியவில்லை எனக்கு. என் வாழ்க்கையிலேயே கோபம் வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

"அப்புறம் ஏன்க்கா வந்த?"

"அப்புறம் அந்த ஆளு மட்கார்டுல ஓட்டை போட்டான். நான் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் எனக்குத்தான் வலிச்சுது. இவன் இதைப் பண்ணிட்டான், இனிமே நான் எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு நெனச்சேன். பிரேக்க மிதின்னான். மிதிச்சேன்."

மெஷின் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளைக்குக் கூட்டிட்டு வர முடியுமோ வரட்டும்" என்றாள். "அவன்கிட்ட சொல்லிடாத."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். நான் வெளியே வந்தேன். வெயிலில் அர்செனியோ டிக்கியைத் திறந்து வைத்து, துளையைச் சுற்றித் துரு ஏறாமல் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எப்படி இருக்கா? ஏதாவது சொன்னாளா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூங்காத கண். விரல் நகமெல்லாம் பச்சைப் பெயிண்ட்.

"பசிக்குதாம்" என்றேன்.

"பசிக்குதா? அவளே சொன்னாளா?"

"அவளேதான் சொன்னா."

டிக்கியைக்கூட மூடாமல், எதிரே முட்டை ரொட்டி விற்கிறவளை நோக்கி ரோட்டைக் கடந்து ஓடினார்.